வன்னியில் ஒரு ஏழாம் இலக்கத்தை வளர்ப்பது: ரக்பி லீக் ஹாஃப்பேக் பயிற்சிக்குப் புதியவர்களுக்கு

கிளிநொச்சிக்கு வெளியே ஒரு மைதானம். ஐந்தாவது டக்கிள் முடிந்து பந்து எங்கள் ஏழாம் இலக்க ஹாஃப்பேக் பையனின் கைக்கு வந்தது. எதிரணி நிரையாக ஓடி வருகிறது. அவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி, கோட்டுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தான். "சேர், என்ன செய்யிறது?" என்று கேட்கிற முகம். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேர் அவனை மடக்கிப் போட்டுவிட்டார்கள்.

பிழை அவனுடையதல்ல. ஆறு மாதமாக ஒவ்வொரு பந்துக்கும் "குடு", "அடி", "ஓடு" என்று வெளியே நின்று கத்திக் கத்தி அவனை அப்படிப் பழக்கியவன் நான். அன்றைக்குச் சோளகக் காற்று பலமாக அடித்ததில் என் சத்தம் அவனுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதன்பின் நான் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன். அப்படித் தொடங்கியதில் சரிவந்தவற்றையும் சரிவராதவற்றையும்தான் கீழே எழுதுகிறேன். பாடசாலையில் விளையாட்டைப் பொறுப்பெடுத்த ஆசிரியர், கழகத்து அண்ணன்மார், லீவில் பந்தோடு வந்திறங்கும் சிட்னி மாமாமார், யாராக இருந்தாலும் சரி.

எந்த ரக்பி?

இலங்கையில் ரக்பி என்றால் 15 பேர் ஆடும் யூனியன்தான் எல்லோருக்கும் நினைவு வரும். றோயலும் திரினிற்றியும் 1945 இலிருந்து பிராட்பி கேடயத்துக்காக மோதிக்கொள்கிற ஆட்டம் அது. நான் சொல்வது 13 பேர் ஆடும் லீக். வேலையை விட்டு ஆட வரும் சுரங்க, ஆலைத் தொழிலாளருக்கு இழந்த கூலியைக் கொடுப்பதா இல்லையா என்ற தகராறில் வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895 இல் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் கூடிப் பிரிந்து போனதில் பிறந்தது இது. 1906 இல் ஆட்களை 13 ஆகக் குறைத்தார்கள். இன்றைக்கு இதன் பெரிய கோட்டை சிட்னியும் பிறிஸ்பேனும். பரமற்றா, வென்ட்வேத்வில், ரூங்காபி பக்கம் குடியேறிய எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு இது தெரு விளையாட்டு மாதிரி. மருமகனின் அணிக்குத் தண்ணிப் போத்தல் தூக்கப் போய்த்தான் நானும் இதைப் பழகினேன்.

விதியில் இவ்வளவு தெரிந்தால் தொடங்கலாம். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தினால் அது ஒரு டக்கிள். பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தை நிலத்தில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டுவார். அதற்குப் பெயர் 'பிளே த போல்'. பின்னால் நிற்கும் டமி ஹாஃப் அதை எடுத்துக் கொடுப்பார். மறிக்கும் அணி 10 மீற்றர் பின்வாங்கி நிற்க வேண்டும். இப்படி ஆறு டக்கிள். ஆறாவதிலும் மடக்கப்பட்டால் பந்து மற்ற அணிக்கு. அதனால் ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அமத்தும் ட்ரைக்கு 4 புள்ளி, அதன் பின்னான கோலுக்கு 2, ஆட்டத்தின் நடுவில் பந்தை நிலத்தில் விட்டுக் கம்பத்துக்கு நடுவே உதைக்கும் ட்ரொப் கோலுக்கு 1.

யூனியன் பார்த்துப் பழகியவர்கள் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். யூனியனின் ஸ்க்ரம் ஹாஃப் எப்போதும் பந்தின் அடியிலேயே குனிந்து நிற்பவர். லீக்கில் அந்த வேலை 9 ஆம் இலக்க ஹூக்கருடையது. எங்கள் 7 ஆம் இலக்கம் சில மீற்றர் தள்ளி நின்று, ஹூக்கரிடமிருந்து பந்தை வாங்கி, அடுத்து என்ன என்று தீர்மானிப்பவர். 6, 7, 9, 1 ஆகிய நான்கு பேரையும் சேர்த்து அணியின் முதுகெலும்பு என்பார்கள். அதில் அதிகம் வாய் திறக்க வேண்டியவர் ஏழுதான்.

யாரைத் தெரிவது

வந்தவர்களில் ஆகச் சின்னப் பையனைப் பிடித்து "நீ ஹாஃப்பேக்" என்று சொல்லிவிடுவது வழக்கம். சின்ன உடம்பு இதற்குத் தடையில்லை என்பது உண்மை. பிறிஸ்பேன் அணி 1992 இலும் 1993 இலும் அவுஸ்திரேலிய லீக் இறுதி ஆட்டத்தை வென்றபோது தலைவராக இருந்த அலன் லாங்கர் ஐந்தடி ஐந்தங்குலம் மட்டில்தான். ஆனால் சின்ன உடம்பு ஒரு தகுதியும் அல்ல.

நான் இப்போது பார்ப்பது வேறு. பின்னேரம் வெறும் வயலில் ரெனிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடும்போது யார் மற்றவர்களை "நீ அங்க போ, நீ கிட்ட வா" என்று நிறுத்துகிறார்? யார் ஓட்ட எண்ணிக்கையை மறக்காமல் வைத்துச் சண்டை பிடிக்கிறார்? அந்தப் பிள்ளையைக் குறித்து வையுங்கள். பந்து தன்னிடம் இல்லாதபோதும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை அது.

ஆனாலும் உடனே முத்திரை குத்த வேண்டாம். முதல் ஆறு கிழமை எல்லோரும் எல்லா இடத்திலும் மாறி மாறி ஆடட்டும். 2006 இல் மெல்பன் ஸ்ரோம் அணி ஹாஃப்பேக் ஆக்கிய கூப்பர் குரோங்க், அதற்கு முன் பல இடங்களில் மாறி மாறி இறக்கப்பட்டவர். பிறகு அவுஸ்திரேலிய அணிக்கே ஏழாம் இலக்கம் அணிந்தார். பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். வலைப்பந்து ஆடிய பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிப்பதும் வெற்றிடத்தைக் காண்பதும் ஏற்கெனவே கைவந்தது. டக்கிள் இல்லாத, இடுப்புத் துணியை இழுக்கும் டாக் ஆட்டத்தில் எல்லோரையும் கலந்து ஆட விடலாம்.

சாமானுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 12 வயது வரைக்கும் 4 ஆம் அளவுப் பந்து, அதற்கு மேல் 5 ஆம் அளவு. இரண்டு பந்து இருந்தால் தொடங்கலாம். அடையாளத்துக்கு வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல். டக்கிள் பழகுவதற்கு யூரியா பாக்கில் உமியை அடைத்துத் தைத்தால் கடையில் விற்கும் பையை விட நல்லது. விழும்போது மெதுவாக அமுங்கும். பல்லுக்குக் காப்பு மட்டும் கட்டாயம் வாங்குங்கள். மைதானத்தில் நெருஞ்சி முள் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் நடந்து பாருங்கள்.

கை

தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் முதல் நாளே பந்தைச் சுழற்றி 20 மீற்றர் எறியப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஹாஃப்பேக் கொடுக்கும் பந்துகளில் கூடுதலானவை நாலு, ஐந்து மீற்றருக்குள்தான். அவை சுழல வேண்டியதில்லை. மிதந்து போய், வாங்குபவரின் நெஞ்சுக்கு முன்னால், அவர் ஓடி வந்து எடுக்கிற இடத்தில் இருந்தால் போதும்.

மூன்று விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பந்து வருமுன்னே கையை நீட்டி வைத்திரு. கொடுக்கும்போது இடுப்பு முன்னுக்கே பார்க்கட்டும், கை மட்டும் குறுக்கே போகட்டும். விட்ட பிறகு விரல்கள் பந்து போன திசையைக் காட்டட்டும். இடுப்பைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையை எதிரணி ஒரு பார்வையில் படித்துவிடும்.

எங்கள் வேப்பமரத்தில் பழைய மோட்டச்சைக்கிள் ரயர் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. நின்று கொண்டு, பிறகு நடந்து கொண்டு, பிறகு ஓடிக்கொண்டு அதற்குள்ளால் பந்தைப் போட வேண்டும். நல்ல கைக்கு 40, மற்றக் கைக்கு 60. காற்று ரயரை ஆட்டினால் இன்னும் நல்லது. இடப்பக்கம் மட்டும் கொடுக்கத் தெரிந்த ஹாஃப்பேக், பாதி மைதானத்தை எதிரிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. இது வீட்டிலும் செய்யக் கூடியது. ரியூசனுக்குப் போகுமுன் பத்து நிமிடம் போதும்.

கிளித்தட்டுக்குள் பந்தைப் போடுங்கள்

இதுதான் நான் அதிகம் நம்புகிற பயிற்சி. சிட்னியில் இதைப் படிக்கவில்லை. ஒருநாள் பந்து வெடித்துவிட்டது. பிள்ளைகள் சும்மா நிற்காமல் மண்ணில் கோடு கீறிக் கிளித்தட்டு ஆடத் தொடங்கினார்கள். பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. குறுக்குக் கோட்டில் நின்று பக்கவாட்டில் மட்டும் அசைந்து மறிக்கிற ஆட்கள். நடுக்கோட்டில் ஓடி வந்து தொடுகிற கிளி. நடுவில் உடம்பை இப்படி வளைத்து அப்படிப் போகிற பிள்ளை. ரக்பி லீக் தடுப்பு நிரையும் இதேதான். நிரையாக நின்று பக்கவாட்டில் நகர்கிறது, உள்ளிருந்து ஒருவர் துரத்தி வருகிறார். எங்கள் பிள்ளைகள் இதை எட்டு வயதிலிருந்தே ஆடுகிறார்கள். நான்தான் அவர்களை வரிசையில் நிற்க வைத்துப் போத்தலைச் சுற்றி ஓட விட்டுக்கொண்டிருந்தேன்.

செய்முறை இது. 10 மீற்றர் அகலமான ஒரு நீளப் பெட்டி. அதற்குள் ஐந்து மீற்றருக்கு ஒன்றாக மூன்று குறுக்குக் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மறிப்பவர். இரண்டு பேர் ஒரு பந்தோடு மூன்றையும் தாண்ட வேண்டும். பந்து பின்னுக்கு மட்டுமே போகலாம். இரண்டு கையாலும் தொட்டால் பிடிபட்டது. ஒரு கிழமை கழித்துத் தாக்குபவரை மூன்று ஆக்குங்கள், கிளியையும் விடுங்கள். பிறகு மூன்று கோட்டையும் அழித்துவிட்டு ஒரே கோட்டில் இரண்டு மறிப்பவர், தாக்குபவர் மூன்று. அதற்குப் பிறகு மூன்றுக்கு நாலு.

முதலில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற பிழை ஒன்று உண்டு. பந்தை எடுத்ததும் வெளிப்பக்கம் சாய்ந்து ஓடுவார்கள். அப்போது மறிப்பவரும் கூடவே நகர்வார். கோட்டோரம் காத்து நிற்கும் தோழனுக்குக் கால் வைக்க இடம் மிஞ்சாது. ஹாஃப்பேக் மறிப்பவரின் தோளை நோக்கி நேரே ஓட வேண்டும். நேரே ஓடினால் அவர் தீர்மானித்தே ஆக வேண்டும்: இவனைப் பிடிப்பதா, வெளியே நிற்பவனைப் பார்ப்பதா? அவர் உனக்காகக் காலை ஊன்றிய நொடியில் பந்தைக் கொடு. அவர் கண் உன் தோழனிடம் போனால் நீயே போ. மறிப்பவரின் முகத்தை நம்பாதே. முகம் பொய் சொல்லும், இடுப்பும் காலும் சொல்லாது. இதைக் கிளித்தட்டு ஆடிய பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை, நினைவுபடுத்தினால் போதும்.

பந்தை இரண்டு கையிலும் வைத்தபடி ஓடப் பழக்குங்கள். கக்கத்துக்குள் செருகிக்கொண்டு ஓடுபவர் கொடுக்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

இது சரிவந்த பிறகு மூன்று தெரிவைக் காட்டுங்கள். பக்கத்தில் வேகமாக வெட்டி ஓடி வருபவருக்குக் கொடுப்பது, அவருக்குப் பின்னால் வளைந்து வரும் ஃபுல்பேக்குக்கு (கடைசியில் நிற்கும் 1 ஆம் இலக்கம்) கொடுப்பது, தானே போவது. பெரிய அணிகள் ஆடும் பல திட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்த மூன்றுதான்.

அண்ணாவை எப்படிக் கூப்பிடுவது

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏழாம் இலக்கத்துக்கு 14 வயது. முன்னால் பந்தோடு முட்டப் போகும் ஆட்களுக்கு 16, 17. "அண்ணா, கொஞ்சம் இஞ்சால வாங்கோ" என்று அவன் மரியாதையாகச் சொல்லி முடிக்கும்போது எதிரணி வந்து சேர்ந்துவிடும். "வா" என்று சொல்லவும் அவனுக்கு வாய் வராது. அதுவும் அவனுடைய சொந்த மச்சான்மாரும் அயல் வீட்டு அண்ணன்மாரும் நிற்கும்போது. வகுப்பில் வாய் மூடியிருக்கும் பிள்ளையே நல்ல பிள்ளை என்று பழக்கிவிட்டு, மைதானத்தில் பன்னிரண்டு பேருக்குக் கட்டளை இடு என்றால் எப்படி?

மரியாதையை உடைக்காமல் இதைத் தீர்க்கலாம். வினைச்சொல்லே இல்லாத சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். வினை இல்லாவிட்டால் 'வா'வும் இல்லை, 'வாங்கோ'வும் இல்லை. முதலில் நாங்கள் பக்கத்துக்கு 'குளம்', 'றோட்டு' என்று வைத்தோம், எங்கள் மைதானத்தில் ஒரு பக்கம் குளக்கட்டு, மறுபக்கம் றோட்டு என்பதால். நன்றாக வேலை செய்தது. முல்லைத்தீவுப் பக்கம் ஆடப் போன அன்று குளமும் இல்லை, மைதானத்துக்கு மூன்று பக்கமும் றோட்டு. அரைவாசிப் பேர் ஒரு பக்கம், அரைவாசிப் பேர் மறுபக்கம். அடுத்த கிழமையே பிள்ளைகள் தாங்களாக மாற்றிக்கொண்டார்கள்: சோற்றுக்கைப் பக்கம் 'சோறு', மற்றது 'கறி'. சிரிப்பாக இருக்கும், ஆனால் இரண்டே எழுத்து, தூரத்துக்குக் கேட்கும், எந்த மைதானத்துக்கும் பொருந்தும்.

உயரத் தூக்கி உதைக்கும் பந்துக்கு ஆங்கிலத்தில் 'பொம்' (குண்டு) என்று பெயர். இங்கே அந்தச் சொல்லை மைதானத்தில் கத்த எனக்கு மனமில்லை. பக்கத்துக் காணிகளில் இருப்பவர்கள் 2009 ஐக் கடந்து வந்தவர்கள். நாங்கள் 'தேங்காய்' என்கிறோம். விழுகிற விதமும் அதுதான்.

வாய் திறக்கப் பழக்க ஒரு வழி: மற்ற எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும், ஏழாம் இலக்கம் மட்டும் பேசலாம். ஐந்து நிமிடம் அப்படி ஆடினால் பெரிய அண்ணன்மாருக்கும் தெரிந்துவிடும், தம்பியின் குரல் இல்லாவிட்டால் தாங்கள் குருடர் என்று. அதற்குமுன் மூத்தவர்களைத் தனியே கூப்பிட்டு, "அவன் கத்துறது உங்களை இல்லை, ஆட்டத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எண்ணுவதும் பார்ப்பதும்

ஹாஃப்பேக் பந்து வருமுன் மூன்று விடயத்தை அறிந்திருக்க வேண்டும். இது எத்தனையாவது டக்கிள்? எந்தப் பக்கம் அவர்களுக்கு ஆள் குறைவு? அவர்களின் ஃபுல்பேக் எங்கே நிற்கிறார்? பந்து வந்த பிறகு தேடினால் நேரம் போய்விடும்.

இதற்கு நான் செய்வது: பந்து கொடுக்கப்படும் நேரத்தில் தூரத்தில் நிற்கும் ஒருவர் விரலைக் காட்டுவார். ஏழாம் இலக்கம் பந்தைப் பிடிக்குமுன் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் பாதிப் பந்து கையால் நழுவும். நழுவட்டும். இரண்டு கிழமையில் தலை தானாக நிமிரும்.

ஆறு டக்கிளை ஒரு பயணமாக வரைந்து காட்டுங்கள், மண்ணில் தடியால் கீறினாலே போதும். தங்கள் கோட்டுக்குக் கிட்ட நின்றால் முதல் மூன்றும் முன்வரிசைக்காரர் முட்டி முன்னேற. நாலாவது, உதைக்க வசதியான இடத்துக்குப் போய்ச் சேர. ஐந்தின் பிறகு உதை. எதிரியின் 20 மீற்றருக்குள் வந்துவிட்டால் கணக்கு மாறும்: ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் போகலாம், எதிரி மூச்சு வாங்கினால் இரண்டாவதிலேயே அடிக்கலாம்.

திட்டம் தேவை. ஆனால் திட்டத்தை மீறத் தெரிந்தவர்தான் ஏழு. அவுஸ்திரேலியாவில் 1997 இன் ஒரு இறுதி ஆட்டம். நியூகாசில் நைற்ஸும் மன்லியும் 16–16 சமநிலை, ஒரு நிமிடமும் மிச்சமில்லை. அரங்கம் முழுக்க ட்ரொப் கோலை எதிர்பார்த்து நின்றது. நியூகாசிலின் ஹாஃப்பேக் அன்ட்ரூ ஜோன்ஸ் டமி ஹாஃபில் இருந்து பந்தை எடுத்துக்கொண்டு, யாரும் கவனிக்காத குறுகிய பக்கத்தால் ஓடி, உள்ளே டரன் அல்பேட்டுக்குக் கொடுத்தார். ட்ரை. 22–16. இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: அந்த நேரத்தில் கோட்டுக்கு வெளியே நின்று பயிற்றுநர் என்ன சொல்லியிருப்பார்?

உதை

உதையில் முக்கால் பங்கு பந்தைக் கையால் விடுவதில் இருக்கிறது. அதனால் முதல் கிழமை உதையே வேண்டாம். பந்தைச் சரிவில்லாமல் ஒரே இடத்தில் விழ விடப் பழகட்டும். பந்து தள்ளாடி விழுந்தால் எவ்வளவு பலமாக அடித்தும் பயனில்லை.

மூன்று உதை போதும். நிலத்தோடு உருளும் கிரப்பர்: முனை கீழே பார்க்கப் பந்தைப் பிடித்து, முழங்கால் பந்துக்கு மேலாக இருக்க, பந்தின் மேல் பாதியில் அடி. தேங்காய்: பந்து நிமிர்ந்து விழ, கீழ் முனைக்கு அடியில் கால், அடித்த கால் மேலே வரட்டும். நீள உதை: பாதத்தின் மேற்பக்கத்தால், ஆளில்லாத மூலைக்கு. உங்கள் 40 மீற்றர் கோட்டுக்குப் பின்னிருந்து உதைத்த பந்து நிலத்தில் பட்டு, எதிரியின் 20 மீற்றருக்குள் பக்கக் கோட்டால் வெளியே போனால் பந்து திரும்ப உங்களுக்கே. இதற்கு 40/20 என்று பெயர். பிள்ளைகளுக்கு இதில் பைத்தியம். பத்துக்கு ஒன்றும் சரிவராது என்பதையும் சொல்லி வையுங்கள்.

வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கும் மாதங்களில் ஒரு பாதி ஆட்டம் காற்றோடும் மறுபாதி காற்றுக்கு எதிராகவும் போகும். காற்றுக்கு எதிரே தேங்காய் அடித்தால் அது உங்கள் தலையிலேயே விழும். கிரப்பரும் தாழ்ந்த உதையும்தான் வழி. இதைச் சொல்லிக் கொடுப்பதை விட, இரு பக்கமும் பத்துப் பத்து அடிக்க விட்டுக் கேளுங்கள்.

வளரும் பிள்ளையின் தொடையும் முழங்காலும் அளவுக்கு மேல் தாங்காது. எங்களிடம் ஒரு பின்னேரத்துக்கு 30 உதைதான் கணக்கு. இன்னொன்று வன்னிக்கு மட்டும்: பந்து மைதானத்துக்கு வெளியே தெரியாத பற்றைக்குள் போனால் பிள்ளையை ஓட விடாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கையாகச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் காணிப் பக்கம் போன பந்து போனதுதான். பந்து வாங்கலாம்.

தோள்

எதிரணி தன் ஆகப் பெரிய ஆளை உங்கள் ஏழாம் இலக்கத்தின் மேல்தான் ஓட விடும். அவனைக் களைக்க வைத்தால் அவன் மூளையும் களைக்கும் என்பது கணக்கு. ஆகவே டக்கிள் தெரியாத ஹாஃப்பேக் என்று ஒருவர் இல்லை. முழங்காலில் இருந்து தொடங்குங்கள், உமிப் பையில், பிறகு நடந்து வரும் தோழனில். கண் திறந்திருக்க வேண்டும். தலை ஒருபோதும் ஓடி வருபவரின் முன்னால் போகக் கூடாது. பக்கவாட்டில், கன்னம் அவரின் பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும். தோள் தொடையில், கை இரண்டும் இறுக்கி வளைய. தலையில் அடிபட்டு ஒரு கணம் தடுமாறினாலும் அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது, வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை திரும்ப இறங்கக் கூடாது. "எனக்கு ஒண்டும் இல்லை சேர்" என்பதை இதில் மட்டும் நம்பாதீர்கள்.

கிழமை

ரியூசனுக்குள் மூன்று பின்னேரம் பிடித்தாலே பெரிய காரியம். நாலரைக்குத் தொடங்கினால் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். சித்திரையில் அதுவும் போதாது, ஐந்து மணி. முதல் நாள் கையும் கிளித்தட்டும். இரண்டாம் நாள் உதையும் டக்கிளும். மூன்றாம் நாள் ஆட்டம் மட்டும், ஆறுக்கு ஆறு, சின்ன மைதானம். தைக்குப் பிறகு வயல்வெட்டுக்குப் பிள்ளைகள் குறைவார்கள், கோபிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் குளமாகும். ஈரப் பந்தை வாளித் தண்ணியில் தோய்த்துத் தோய்த்து, பாடசாலைக் கொட்டகைக்குள் கைப்பயிற்சி செய்யலாம்.

நீங்கள் வாயை மூடுவது

எல்லாவற்றிலும் கஷ்டமானது இது. ஆட்டம் நடக்கும்போது தீர்மானம் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று எனக்கு நானே விதி வைத்தேன். முதல் ஆட்டத்தில் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். அடுத்த ஆட்டத்துக்குக் கச்சான் சரை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், வாய்க்கு வேலை கொடுக்க. மோட்டச்சைக்கிளில் சாய்ந்து நின்று "அடியடா!" என்று கத்தும் தகப்பன்மாருக்கும் ஆளுக்கொரு சரை கொடுத்தேன். உண்மையாகவே உதவியது.

பேச்சு எல்லாம் ஆட்டத்துக்குப் பிறகு. அதுவும் கேள்வியாக: என்ன கண்டாய்? அதைப் பார்த்து என்ன நினைத்தாய்? வேறு என்ன செய்திருக்கலாம்? நல்ல தீர்மானம் எடுத்துக் கை பிழைத்ததா, கை சரியாயிருந்து தீர்மானம் பிழைத்ததா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதற்கு மருந்து வேப்பமரத்து ரயர். இரண்டாவதற்குக் கிளித்தட்டு. இரண்டுக்கும் திட்டு மருந்தல்ல.

பிழைத்த பிள்ளை அடுத்த பந்தைக் கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அவுஸ்திரேலிய லீக்கின் 2015 இறுதி ஆட்டத்தில் நேரம் முடிந்த பிறகு, பக்கக் கோட்டோரம் இருந்து ஜொனாதன் தர்ஸ்டன் அடித்த உதை உள்ளே போயிருந்தால் வட குயின்ஸ்லாந்து அப்போதே வென்றிருக்கும். கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில நிமிடத்தில், மேலதிக நேரத்தில், ட்ரொப் கோலுக்குப் பந்தைக் கேட்டு வாங்கி அடித்தவரும் அவர்தான். 17–16.

போன மாதம் ஒரு ஆட்டம். அதே பையன், இப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டான். மூன்றாவது டக்கிள், எங்கள் பாதிக்குள்ளேயே நிற்கிறோம், இன்னும் முட்டி முன்னேற வேண்டிய நேரம். பந்தை வாங்கினான், என் பக்கம் திரும்பவே இல்லை, நீளமாக உதைத்துவிட்டான். எனக்குத் தலையில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. கச்சானை மென்றேன். பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து உருண்டு போனது, எங்கள் ஓரத்துப் பெடியன் துரத்திப் போய்க் கோட்டுக்குள் அமத்திவிட்டான்.

முடிந்த பிறகு வழக்கம்போல் கேட்டேன், "என்னடா கண்டாய்?"

"அவங்கட ஃபுல்பேக் குனிஞ்சு சப்பாத்து நூல் கட்டிக்கொண்டு நிண்டவன் சேர். நீங்கள் காணேல்லையே?"